தட்டைப் பாதமும் விலை உயர்ந்த ஷூவும்

நம் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளை ஓட்டப் பயிற்சிக்கு அனுப்புவது பெருகி வருகிறது. கண்டீரவா ஸ்டேடியத்தில் காலை வேளையில் தமிழ்க் குரல்கள் கேட்பது மகிழ்ச்சிதான். கூடவே ஒரு கவலையும் தொற்றிக் கொள்கிறது: "உங்கள் பிள்ளைக்குத் தட்டைப் பாதம், வளைவைத் தாங்கும் ஷூ வாங்குங்கள்!"

பத்து வயதான என் பேத்திக்கும் ஒரு கடையில் இப்படித்தான் சொன்னார்கள். விலையைக் கேட்டதும் மருமகள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு எலும்பு மருத்துவரிடம் காட்டினோம். அவர் குழந்தையை நுனிக்காலில் நிற்கச் சொன்னார். உள்ளங்காலில் அழகாக வளைவு தோன்றிற்று. "வலி இல்லையே? அப்படியானால் வைத்தியமே வேண்டாம்" என்றார்.

இவ்விஷயத்தில் உலகமே மேற்கோள் காட்டும் ஆய்வு நம் கர்நாடகத்து மருத்துவர்களுடையது. டாக்டர் உதயபாஸ்கர ராவும் டாக்டர் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயதுள்ள 2300 பிள்ளைகளின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து 1992இல் வெளியிட்டார்கள். காலணி அணிந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் திரிந்தவர்களில் 2.8 சதவீதமே! விரல்களை மூடும் ஷூ அணிந்தோரிடம் மிகுதி, செருப்புப் போட்டவர்களிடம் குறைவு. 1995இல் டாக்டர் சச்சிதானந்தமும் ஜோசப்பும் வளர்ந்த 1846 பேரைப் பார்த்தபோது, ஆறு வயதுக்கு முன்பே ஷூ மாட்டியவர்களிடம்தான் இது அதிகம் தெரிந்தது. ஷூதான் காரணம் என்று இதை மட்டும் வைத்து அறுதியிட முடியாது. ஆனால் சிறு குழந்தைகளுக்கு மூன்றாண்டு திருத்த ஷூ அணிவித்தும் பாதம் மாறவில்லை என்று 1989இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பாதத்துக்குள்ளேயே சின்னஞ்சிறு தசைகள் உண்டு. அவற்றுக்கு வேலை கொடுத்தால் வலுக்கும். பிரேசிலில் 118 ஓட்டக்காரர்களை (பெரியவர்கள்தான்) ஓராண்டு கவனித்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், பாதப் பயிற்சி செய்யாதவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு சுமார் 2.4 மடங்கு.

பயிற்சிக்குச் செலவே இல்லை. விரல்களை மடக்காமல், பெருவிரலின் அடிப்பகுதியைக் குதிகால் பக்கம் இழுத்து, ஐந்து எண்ணும்வரை வளைவை உயர்த்திப் பிடிக்கலாம். ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கலாம். கோலிக்குண்டுகளைக் கால்விரலால் பொறுக்கி டப்பாவில் போடலாம். எங்கள் வீட்டில் இதற்குத்தான் போட்டி! புல்தரையில் சிறிது நேரம் வெறுங்கால் நடையும் நல்லது.

அதற்காக ஷூவைக் கடாசிவிடாதீர்கள். நம் நடைபாதைகளின் கண்ணாடித் துண்டுகளை நினைத்தாலே போதும். விரல்கள் விரிய இடமுள்ள சாதாரண ஷூ வாங்குங்கள். பிள்ளையின் கால் வளர்வதால் அடிக்கடி அளவு பாருங்கள். பாதம் வலித்தாலோ, நுனிக்காலில் நின்றும் வளைவு தோன்றாவிட்டாலோ, ஒரு கால் மட்டும் தட்டையாக இருந்தாலோ மருத்துவரிடம் போவதே முறை. வலி உள்ள பாதத்துக்கு ஷூவுக்குள் வைக்கும் தாங்கு அட்டை சுகம் தரும். அதையும் அவரே சொல்லட்டும், கடைக்காரர் அல்ல.