ஏடு வேறு, சரக்கு வேறு: கணினியில் ஒலி மாஸ்டரிங் பற்றிச் சில குறிப்புகள்

‘மாஸ்டரிங்’ என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னும் நிலைத்த பெயர் வரவில்லை. பாட்டோ பேச்சோ பதிவாகி, சமன் செய்து முடிந்த பிறகு, படிகள் எடுப்பதற்கென்று ஒரு மூலப்படியைத் தயார் செய்கிறார்களே, அந்தக் கடைசி வேலைதான் மாஸ்டரிங். சுவடிக்காரர்கள் பாஷையில் சொன்னால், எந்த ஏட்டிலிருந்து மற்ற ஏடுகளெல்லாம் பெயர்த்தெழுதப்படுகின்றனவோ, அந்த ஏடு. மூலத்தில் எழுத்து விட்டுப்போனால் பிரதி அத்தனையிலும் விட்டுப்போகும்.

வெளிமாநிலத்தில் இருக்கும் தமிழ்ச் சங்கம் எதை எடுத்துக்கொண்டாலும், ஒரு இரும்பு அலமாரியில் கேஸட்டுகள் அடுக்கியிருக்கும். ஆண்டு விழாப் பேச்சு, பட்டிமன்றம், யாரோ ஒரு மாமி பாடிய கல்யாணப் பாட்டு என்று பலதும் இருக்கும். இப்போது இளைஞர்கள் அவற்றைக் கணினியில் ஏற்றுகிறார்கள், நல்ல காரியம். இரைச்சலை எப்படிக் குறைப்பது, குரலை எப்படித் தூக்கிக் காட்டுவது என்று சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஏற்றியதை எப்படி வைத்துக் காப்பாற்றுவது, அடுத்தவர் கையில் எப்படி ஒப்படைப்பது என்று சொல்லத்தான் ஆள் குறைவு. நான் வியாபாரி. சரக்கு, கணக்கு, லாரி இந்த மூன்றிலும் நாற்பது வருஷம் பழகியவன். எனக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் பெரிசாகப் படுகிறது. (‘கோப்பு’ என்பதே நல்ல சொல். ஆனால் கூட வேலை செய்கிற பையன்கள் ‘ஃபைல்’ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். அதையே இங்கும் எழுதுகிறேன்.)

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. இந்த ஸாஃப்ட்வேர்களில் ‘ப்ராஜெக்ட்’ என்று ஒன்றைச் சேமிக்கிறோம். பெரும்பாலானவற்றில் அந்த ஃபைலுக்குள் ஒலி கிடையாது. எந்த ஒலி ஃபைல், எந்தக் கம்ப்யூட்டரில் எந்த இடத்தில் இருக்கிறது, அதில் எத்தனையாவது வினாடியிலிருந்து எத்தனையாவது வினாடி வரை எடுக்க வேண்டும், எங்கே மெல்ல ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்ற விவரம் மட்டுமே இருக்கும். அதாவது பேரேடு. சரக்கு கிடங்கில் இருக்கிறது. பேரேட்டை மட்டும் தூக்கிக்கொண்டு ஊர் மாறினால், எத்தனை மூட்டை இருந்தது என்று சொல்லலாம், ஒரு மூட்டையைக் கூடப் பிரித்துக் காட்ட முடியாது.

இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம் ஆடாசிட்டி. 2000ஆம் ஆண்டு வெளியான இதை அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாமினிக் மஸோனியும் ரோஜர் டானன்பர்கும் தொடங்கினார்கள். இலவசம் என்பதால் சங்கங்களில் இதுதான் அதிகம். முழு மாஸ்டரிங் ஸாஃப்ட்வேர் என்று சொல்ல முடியாது, ஆனாலும் நம் தேவைக்குப் போதும். 2021 மார்ச்சில் 3.0 பதிப்பு வரும்வரை, இதில் ஒரு ப்ராஜெக்டைச் சேமித்தால் இரண்டு பொருள் உண்டாகும். ஒன்று ‘ஏ.யு.பி.’ என்று முடியும் சின்ன ஃபைல். மற்றது, அதே பெயரோடு ‘டேட்டா’ என்ற ஒட்டு சேர்ந்த ஒரு ஃபோல்டர். அந்த ஃபோல்டருக்குள்ளேதான் ஒலி, ஒரு எம்.பி. அளவில் துண்டு துண்டாக நூற்றுக்கணக்கில் கிடக்கும்.

எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவர், தம் தாயார் பாடிய தாலாட்டுகளையும் நடவுப் பாட்டுகளையும் கேஸட்டிலிருந்து ஏற்றி, ‘எல்லாம் இதிலே இருக்கு’ என்று ஒரு பென் டிரைவைக் கொடுத்தார். திறந்தால் ஒரே ஒரு ஏ.யு.பி. ஃபைல். ஃபோல்டர் இல்லை. கம்ப்யூட்டரை ஏற்கெனவே துடைத்து வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. கேஸட்டையும், ‘அதான் ஏத்தியாச்சே’ என்று வீட்டில் யாரோ கழித்துவிட்டார்கள். அந்த ஏ.யு.பி. ஃபைலைச் சாதாரண எழுத்துப் பலகையில் திறந்தால் படிக்கலாம், உள்ளே வெறும் எழுத்துத்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் அவர் சிரத்தையாக எழுதி ஒட்டிய பெயர்ச்சீட்டுகள் வரிசையாக இருந்தன. எது எத்தனையாவது வினாடியில் தொடங்குகிறது என்பதும் இருந்தது. ஆடாசிட்டியில் திறந்தபோது, காணாத துண்டுகளுக்குப் பதில் மௌனத்தை நிரப்பட்டுமா என்று அது கேட்டது. பாட்டின் பெயர், நீளம், வரிசை எல்லாம் சரியாக இருக்கின்றன, குரல் மட்டும் இல்லை. அவரிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, ‘வேறு படி யாரிடமாவது இருக்குமா’ என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றார்.

3.0 பதிப்பிலிருந்து ‘ஏ.யு.பி.3’ என்ற ஒரே ஃபைலுக்குள் ஒலியும் விவரமும் சேர்ந்தே இருக்கின்றன. பெரிய ஆபத்து நீங்கியது. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். வேலை நடக்கும்போது அதே பெயரில் பக்கத்தில் துணை ஃபைல் ஒன்று தோன்றும், ப்ராஜெக்டை மூடியபிறகுதான் அது உள்ளே சேர்ந்து மறையும். திறந்திருக்கும்போது படியெடுத்தால் அரைகுறைப் படிதான் கிடைக்கும். பென் டிரைவிலோ, இணையத்தில் தானாக ஏற்றிக்கொள்ளும் ஃபோல்டரிலோ வைத்துக்கொண்டே வேலை செய்வதும் ஆகாது. கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்கில் செய்து, மூடிய பிறகு படியெடுங்கள்.

தொழில்முறைக்காரர்கள் வைத்திருப்பது வேவ்லேப். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஸ்டைன்பர்க் கம்பெனி 1995இல் வெளியிட்டது. இதில் இரண்டு வேலைமேடைகள் உண்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உயிர்நாடி. ஒன்று ஒலி ஃபைலையே நேராகத் திருத்துவது. வெட்டிச் சேமித்தால் வெட்டியது வெட்டியதுதான். மற்றது ‘மாண்டேஜ்’. இதில் மூல ஃபைலைத் தொடுவதே இல்லை. அதன் துண்டுகளை வரிசையில் அடுக்கி, மேலே திருத்தங்களைச் சொல்லி வைக்கிறோம், அவ்வளவுதான். பழைய கேஸட்டுக்கு நான் எப்போதும் மாண்டேஜைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் மாண்டேஜ் ஃபைலும் பேரேடுதான் என்பதை மறக்கக் கூடாது. வெளி டிஸ்கில் ஒலியை வைத்து வேலை செய்து, மறுநாள் அந்த டிஸ்க் ‘இ’ என்ற எழுத்துக்குப் பதில் ‘எஃப்’ என்று வந்து உட்கார்ந்தாலே, ஃபைலைக் காணோம் என்று அது கேட்க ஆரம்பிக்கும். இடத்தைக் காட்டிக்கொடுத்தால் சேர்ந்துகொள்ளும், பதற வேண்டாம். மாண்டேஜோடு அது சுட்டுகிற ஒலி ஃபைல்களையும் சேர்த்து வேறிடத்துக்குப் படியெடுக்கும் வசதியும் இருக்கிறது. அடுத்தவருக்கு அனுப்பும்போது அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

என் யோசனை எளிது. ஒரு கேஸட்டுக்கு ஒரு ஃபோல்டர். உள்ளே ‘மூலம்’, ‘வேலை’, ‘வெளியீடு’ என்று மூன்று அறைகள். மூலத்தில் கேஸட்டிலிருந்து இறங்கியது இறங்கியபடி, கரகரப்போடு, ஒரு தடவை போட்டால் போட்டதுதான். அதில் எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள். இரைச்சல் நீக்குவது, பெருக்குவது எல்லாம் இரண்டாவது அறையில். இன்றைக்கு நமக்கு இரைச்சல் என்று தோன்றுவது நாளைக்கு இன்னும் நல்ல கருவி வந்தால் பாட்டாகவே கேட்கலாம்.

இனி உள்ளே கொண்டுவருவது. இங்கே மூன்று எண்கள் வருகின்றன. குறுந்தகட்டின் ஒலி வினாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். இந்த 44,100 என்ற விநோத எண் எங்கிருந்து வந்தது? டிஜிட்டல் ஒலியை ஆரம்பத்தில் வீடியோ நாடாவில்தான் எழுதினார்கள். ஒரு வரிக்கு 3 மாதிரி, ஒரு புலத்துக்கு 245 வரி, வினாடிக்கு 60 புலம். மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் 294 வரி, 50 புலம். அப்போதும் அதே விடை. 1980இல் பிலிப்ஸும் சோனியும் குறுந்தகட்டுக்கு விதி வகுத்தபோது இதே எண்ணை வைத்துக்கொண்டார்கள். பழைய சந்தை அளவு புதிய சந்தையிலும் நிற்கிற மாதிரிதான்.

ஆவணக் காப்புக்கு இது போதாது. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் குறைந்தபட்சம் 48,000 மாதிரி, 24 பிட் என்கிறது, முடிந்தால் 96,000. 96,000இல் ஸ்டீரியோவாக இறக்கினால் நிமிஷத்துக்குச் சுமார் 35 எம்.பி., அறுபது நிமிஷக் கேஸட் ஒன்றுக்கு ஏறக்குறைய 2 ஜி.பி. ஆகும். இப்போது டிஸ்க் விலைக்கு இது ஒரு செலவே இல்லை. ஆனால் வேவ் என்ற ஃபைல் வகையில் ஒரு பழைய கட்டு இருக்கிறது. 1991இல் மைக்ரோசாஃப்டும் ஐ.பி.எம்.மும் வகுத்தபோது நீளம் எழுதும் கட்டத்துக்கு 32 பிட் மட்டுமே ஒதுக்கினார்கள். அதனால் 4 ஜி.பி.க்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. மேலே சொன்ன அளவில் இது 2 மணி 4 நிமிஷம். கேஸட்டுக்குக் கவலையில்லை. மூன்று மணி நேரக் கச்சேரியை ஒரே மூச்சில் பதிவு செய்கிறவர்கள் ஆர்.எஃப்.64 என்ற விரிந்த வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லேன்னா இடைவேளையில் நிறுத்தி இரண்டாக எழுத வேண்டும்.

சிலர் எம்.பி.3யைக் கொண்டுவந்து, ‘மாஸ்டர் பண்ணிக் கொடுங்க’ என்பார்கள். மூன்று நிமிஷப் பாட்டு, 3 எம்.பி.க்குள் இருக்கும். ஆடாசிட்டியில் ஏற்றினால் 63 எம்.பி.க்கு ஊதிக்கொள்ளும். ஏனென்றால் அது உள்ளே 32 பிட் அளவில் விரித்து வைக்கிறது. தரம் கூடிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். எம்.பி.3 ஆக்கியபோதே காதுக்கு எட்டாது என்று கழித்தவை கழிந்தவைதான். அதைத் திருத்தி மறுபடி எம்.பி.3யாகச் சேமித்தால் இரண்டாம் முறையும் கழிவு. ஏட்டைப் பார்த்து ஏடு, அதைப் பார்த்து இன்னொரு ஏடு என்று எழுதும்போது பாடபேதம் பெருகுவதில்லையா, அதே கதை.

வெளியே அனுப்புவதில் முதல் குழப்பம் ‘சேவ்’, ‘எக்ஸ்போர்ட்’ என்ற இரண்டு சொற்களில். சேவ் என்றால் வேலையைப் பாதியில் மூடி வைப்பது. எக்ஸ்போர்ட் என்றால் சரக்கைக் கட்டி லாரியில் ஏற்றுவது. சேவ் செய்ததை வேறு எந்த ஸாஃப்ட்வேரும், பாட்டுப் போடும் கருவியும் திறக்க வேண்டிய கடமையில்லை. ஆகவே வேலை முடிந்ததும் ப்ராஜெக்டை மட்டும் வைத்துவிட்டு எழுந்துவிடாமல், 24 பிட் வேவ் ஒன்று முழுசாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ப்ராஜெக்டில் நாம் மாட்டிய இரைச்சல் நீக்கி போன்ற இணைப்புக் கருவிகள் நிரந்தரமல்ல. 1996இல் ஸ்டைன்பர்கே கொண்டுவந்த வி.எஸ்.டி. முறையின் இரண்டாம் பதிப்புக்கு, 2022இல் அதே கம்பெனி விடை கொடுப்பதாக அறிவித்தது. கருவி போனால் ப்ராஜெக்ட் திறந்தாலும் பழைய ஒலி வராது. எக்ஸ்போர்ட் செய்த வேவ் எப்போதும் பேசும்.

வேவிலிருந்து மற்றவை எடுக்கலாம். இடம் மிச்சம் வேண்டுமானால் ஃப்ளாக். அது சுருக்கும், ஆனால் விரித்தால் ஒரு பிட் குறையாமல் வரும். செல்போனில் அனுப்ப மட்டும் எம்.பி.3. குறுந்தகட்டுக்கு 16 பிட்டாக இறக்கும்போது ‘டிதர்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். 24 பிட்டில் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சம் படிகள், 16 பிட்டில் 65,536 தான். சில்லறையை அப்படியே வெட்டினால் மெல்லிய ஒலிகள் முடியும் இடத்தில் கரடு தட்டும். டிதர் என்பது மிக மெல்லிய இரைச்சலைத் தூவி அந்தக் கரட்டை மழுக்குவது. அதைக் கடைசியில் ஒரே ஒரு தடவைதான் செய்ய வேண்டும்.

குறுந்தகட்டில் வினாடிக்கு 75 சட்டங்கள், ஒரு சட்டத்துக்கு 588 மாதிரி. ஒரே தொடராக ஓடும் கச்சேரியைத் தனித்தனி ஃபைலாக வெட்டும்போது வெட்டு இந்தச் சட்டத்தின் எல்லையில் விழாவிட்டால், மிச்ச இடத்தை மௌனம் நிரப்பி, சந்திப்பில் ‘டிக்’ என்று கேட்கும். அச்சடிக்கும் ஆலைக்கு அனுப்புகிறவர்கள் டி.டி.பி. என்ற முறையில் அனுப்புவது இதனால்தான். அதில் ஒலி முழுவதும் ஒரே ஃபைல், பாட்டுகள் எங்கே தொடங்குகின்றன என்ற அட்டவணை தனி ஃபைல். வேவ்லேப் இதைத் தயாரித்துக் கொடுக்கும். ஃபோல்டரிலிருந்து எதையும் எடுக்காமல், பெயர் மாற்றாமல் அப்படியே அனுப்ப வேண்டும்.

அனுப்பியது முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்? லாரி ரசீதை நாம் எல்.ஆர். என்போம், வடக்கே பில்டி என்பார்கள். அதில் எழுதிய எண்ணிக்கையோடு இறக்கிய மூட்டையை ஒத்துப் பார்க்கிறோம். ஃபைலுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. எம்.டி.5 என்பது ஃபைல் முழுவதையும் கணக்குப் போட்டு 32 எழுத்துக்களாகத் தரும் முத்திரை. ஒரு பிட் மாறினாலும் முத்திரை வேறாகிவிடும். அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒத்துப் பார்த்துவிட்டால் சண்டைக்கு இடமில்லை. இலவசமாகச் செய்யக்கூடியது. ஏனோ பலர் செய்வதில்லை.

கடைசியாகப் பெயர். தமிழிலேயே ஃபைலுக்குப் பெயர் வைக்கலாம், யூனிகோட் வந்தபிறகு தடையில்லை. தனித்தனி எழுத்துரு வைத்துத் தட்டிய காலத்துப் பெயர்கள்தான் இன்று கேள்விக்குறியும் கோடுமாகத் தெரிகின்றன. எம்.பி.3யின் முதல் முறைப் பெயர்ச்சீட்டில் தலைப்புக்கு 30 இடம்தான், அதில் தமிழுக்கு வழியில்லை. இரண்டாம் முறையில் தமிழ் எழுதலாம். குறுந்தகட்டின் ‘சி.டி. டெக்ஸ்ட்’டில் ஆங்கிலம், ஐரோப்பிய மொழிகள், ஜப்பானியம் இவற்றுக்கு இடம் வைத்தவர்கள் தமிழுக்கு வைக்கவில்லை. அங்கே ரோமன் எழுத்தில்தான் எழுதியாக வேண்டும். அதனால் ஒவ்வொரு ஃபோல்டரிலும் சாதாரண எழுத்து ஃபைல் ஒன்று தமிழில் இருக்கட்டும்: யார் பாடியது, எந்த ஊர், எந்த வருஷம், கேஸட் அட்டையில் என்ன எழுதியிருந்தது, எந்தப் பக்கம், யார் ஏற்றியது, எந்தத் தேதி. பாடியவர் பெயர் தெரியாவிட்டால், இன்னாரின் அத்தை என்றாவது எழுதுங்கள். கேஸட்டை மட்டும் கழிக்காதீர்கள்.