மின்சாரம் பாய்ந்தது, மனிதர் மறைந்தார்!
சிறுவர்களை மயக்கிய இரும்புக்கை மாயாவி

மின்சாரம் பாய்ந்தால் மனிதர் சாவார். ஆனால், ஒருவர் மட்டும் சாகமாட்டார். மாயமாக மறைந்துவிடுவார்!

அவர்தான் இரும்புக்கை மாயாவி. 1970-களில் தமிழ்நாட்டுச் சிறுவர்களை ஆட்டிப்படைத்த படக்கதை வீரர்.

1972-ம் ஆண்டு சிவகாசியில் "முத்து காமிக்ஸ்" தொடங்கியது. அதன் முதல் புத்தகமே "இரும்புக்கை மாயாவி"தான்.

சொந்த ஊர் இங்கிலாந்து

ஆனால் மாயாவி பிறந்த இடம் இங்கிலாந்து. 1962-ல் "வேலியண்ட்" என்ற வாரப் பத்திரிகையில் அவருடைய கதை தொடங்கியது. படங்களை வரைந்தவர் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் நாட்டு ஓவியர்.

கதை என்ன தெரியுமா?

லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். விபத்தில் வலது கையை இழந்தவர். அந்த இடத்தில் இரும்புக்கை பொருத்தியிருந்தார்கள்.

ஒருநாள் அவர்மீது மின்சாரம் பாய்ந்தது. உடம்பு மறைந்தது. இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரிந்தது!

இந்தச் சக்தி வந்ததும் முதலில் அவர் கெட்ட வழியில் போனார். பிறகு திருந்தி, தீயவர்களைப் பிடிக்கும் "நிழற்படை"யில் சேர்ந்தார்.

கை மாறிய புத்தகம்

அந்தக் காலத்தில் திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1985-ல்தான் தனி மாவட்டம் ஆயிற்று.

எங்கள் தெருவில் ஒருவன் புத்தகம் வாங்குவான். பத்துப் பேர் படிப்போம். கடைசி ஆளுக்கு வரும்போது அட்டை இராது. சில சமயம் கடைசிப் பக்கமும் இராது!

ஊரைச் சுற்றிலும் கிணற்றுத் தோட்டங்கள். மோட்டார் அறைக் கதவில் "அபாயம்" என்று எழுதி, மண்டை ஓடு வரைந்திருக்கும். அதைக் கண்டால் எங்களுக்கு மாயாவி நினைவு வந்துவிடும்.

"டேய், கதையிலே வர்றதை நம்பி ஒயர்லே கை வெச்சிராதே!" என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். நியாயமான எச்சரிக்கைதான். கதை வேறு, மின்சாரம் வேறு.

அம்மா சொன்ன முடிவு

என் அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அவள் மாவு ஆட்டும்போது நான் கதையை உரக்கப் படிப்பேன்.

"உடம்பு மறையுது சரி. கை மட்டும் ஏன்டா மறையலே?" என்று கேட்பாள்.

"அது இரும்பும்மா!" என்பேன்.

ஒருநாள் பாதிக் கதையில் பள்ளிக்கூடம் போய்விட்டேன். மாலையில் வந்து புத்தகத்தைத் தேடினேன். அது அம்மாவின் மடியில் இருந்தது.

"மாயாவி தப்பிச்சிட்டான்டா!" என்றாள் அம்மா.

ஆம்! படத்தைப் பார்த்து, எழுத்தைக் கூட்டி, முழுக் கதையையும் அவளே படித்து முடித்திருந்தாள்!

படக்கதையில் ஒரு கட்டத்துக்கு நாலைந்து சொற்கள்தான். சொல் புரியாவிட்டால் படம் சொல்லும். அடுத்தது என்ன என்ற ஆவல் பக்கத்தைப் புரட்டவைக்கும். புதிதாகப் படிப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

2022-ல் முத்து காமிக்சுக்கு ஐம்பது ஆண்டு நிறைந்தது. மாயாவியின் பழைய கதைகள் மறுபடியும் அச்சாகி வந்திருக்கின்றன.

பெற்றோர்களே! பிள்ளை கையில் படக்கதை இருந்தால் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்தது என்ன?" என்று கேளுங்கள். பிள்ளையும் படிக்கும், நீங்களும் படிப்பீர்கள்!