உங்களுக்குத் தெரியுமா? குழாயைத் தின்னும் சாம்பல்

இந்திய நிலக்கரியில் பெரும்பாலும் 30 முதல் 45 சதவீதம் சாம்பல்தான். அனல் மின்நிலையத்தின் 210 மெகாவாட் யூனிட் ஒன்று முழுத் திறனில் ஓடினால் நாளொன்றுக்கு 3,000 டன்னுக்கு மேல் கரி எரியும். சுமார் ஆயிரம் டன் சாம்பல், புகையோடு சேர்ந்து பாய்லர் குழாய்களை உரசிக்கொண்டே வெளியேறும்.

*

சாம்பல்தானே என்று விட்டுவிட முடியாது. அதில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகள் குழாயின் எஃகைவிடக் கடினம்.

*

துகள் நேராக மோதினால்தான் சேதம் அதிகம் என்று தோன்றும். கண்ணாடிக்கு அது சரி. எஃகை அதிகம் செதுக்குவது 20, 30 டிகிரி சாய்வில் வந்து உரசும் துகள். இந்தச் செதுக்கலுக்கு ஆய்வாளர் இயான் ஃபின்னி 1960-இல் ஒரு சமன்பாடு வெளியிட்டார். இன்றைய கணினி மாதிரிகள் பலவற்றுக்கும் அதுவே வேர்.

*

வேகம் இரண்டு மடங்கானால் தேய்மானம் சுமார் 6 முதல் 8 மடங்காகும்! பாய்லருக்குள் புகை ஓடுவது விநாடிக்கு 10 மீட்டர் அளவில்தான். நம் டவுன் பஸ் வேகம். ஆனால் எல்லா இடத்திலும் அந்த வேகம் இருப்பதில்லை. பாய்லருக்குப் போகும் நீரைப் புகையின் வெப்பத்தால் சூடாக்கும் பகுதி எகனாமைசர். அதன் குழாய் வளைவுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் தடை குறைவு. புகை அங்கே பாய்ந்து ஓடும். முதலில் ஓட்டை விழுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

*

ஓடும் பாய்லருக்குள் எட்டிப் பார்க்க வழியில்லை. அதனால்தான் கணினி. முதலில் புகையின் ஓட்டத்தைக் கணக்கிட்டு, பிறகு அதில் துகள்களை விடுவார்கள். கோடானுகோடி துகள்களையும் பின்தொடர எந்தக் கணினியாலும் ஆகாது. ஒவ்வொன்றும் பெருங்கூட்டத்துக்குப் பிரதிநிதியாகச் சில ஆயிரம் போதும். 10 மைக்ரானுக்கும் குறைவான பொடி, புகையோடு வளைந்து தப்பிவிடும். 100 மைக்ரான் துகளால் அப்படித் திரும்ப முடியாது, குழாயில் மோதும். எந்தக் குழாயில், எந்தக் கோணத்தில், என்ன வேகத்தில் என்பதுதான் விடை. இடைவெளியை ஒரு தகடு வைத்து அடைத்தால் தேய்மானம் நிற்குமா, பக்கத்துக் குழாய்க்கு இடம் மாறுமா என்பதையும் வெட்டி ஒட்டுமுன்பே பார்த்துவிடலாம். என் கணிப்பில், மாதிரியின் பெரிய பயன் இதுதான்.

*

ஒரு குழாயில் ஓட்டை விழுந்தால் அதோடு போகாது. பீறிடும் நீராவி பக்கத்துக் குழாய்களையும் அறுக்கும். யூனிட்டை நிறுத்தியே ஆக வேண்டும்.

*

கரி மாறினால் கணக்கும் மாறும். அதனால் பராமரிப்பு நிறுத்தத்தின்போது அல்ட்ராசானிக் கருவியோடு உள்ளே இறங்கி, குழாயின் கனத்தை இன்றும் ஆள்தான் அளக்கிறார்.