மூன்று சார்ஜென்ட்டுகளும் முதலிப்பட்டியும்

1942 ஏப்ரல் 4. இலங்கையின் தென்கோடியில் உள்ள கொக்கல ஏரியிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினா ரோந்து விமானம், சாயங்காலம் திரும்பவிருந்த நேரத்தில் தெற்கே கடலில் சில புள்ளிகளைக் கண்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஜப்பானியக் கடற்படை. பேர்ல் ஹார்பரைத் தாக்கிவிட்டு வந்த அட்மிரல் நகுமோ, இப்போது ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

அந்த விமானம் கனடாவின் 413-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தது. உள்ளே ஒன்பது பேர். வயர்லெஸ்ஸில் எச்சரிக்கை போய்க்கொண்டிருக்கும்போதே ஜீரோ விமானங்கள் சூழ்ந்து சுட்டு, அதைக் கடலில் வீழ்த்தின. ஆனால் செய்தி கொழும்புக்கு எட்டிவிட்டது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலையில் குண்டு விழுந்தபோது, பல கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்தன.

தலைமை விமானி லெனார்ட் பிர்ச்சால் ஜப்பானியச் சிறையிலிருந்து உயிரோடு மீண்டார். 'சிலோனின் இரட்சகர்' என்று உலகம் அவரைக் கொண்டாடியது; 2004-இல்தான் காலமானார். அவர் அந்தப் புகழுக்குத் தகுதியானவர். ஆனால் அன்று திரும்பாதவர்கள் மூவர்: கொலரோசி, டேவிட்சன், ஹென்செல். மூவரும் சார்ஜென்ட் நிலையினர். ஒருவர் விமானத்தோடு மூழ்கினார். மற்ற இருவரும் படுகாயத்தோடு தண்ணீரில் மிதந்தார்கள். மேலிருந்து சுட்டபோது மற்றவர்கள் முங்கித் தப்பினார்கள். நினைவிழந்து கிடந்த இவர்களை உயிர்காப்புச் சட்டை முங்கவிடவில்லை.

நமக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அந்த ஏப்ரலில்தான் சென்னைப் பட்டணத்து ஜனம் மூட்டை முடிச்சோடு சொந்த ஊர்களுக்கு ரயிலேறியது. அதே போர்தான் வெளிநாட்டுப் பட்டாசு வரத்தை நிறுத்தியது. தீப்பெட்டியில் கைதேர்ந்திருந்த சிவகாசி, பட்டாசிலும் வேரூன்றியது அந்த வருடங்களில்தான்.

சென்னை நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 855 பேர் அங்கே உறங்குகிறார்கள். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். விமானப்படையினர் கல்லில் பெயரோடு அவர் செய்த வேலையும் இருக்கும்: விமானி, வழிகாட்டி, துப்பாக்கி வீரர். உடல் கிடைக்காதவர்களையும் விடவில்லை. சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தின் சுவர்களில் 24,000-க்கும் அதிகமான பெயர்கள். இந்த மரியாதை எல்லோருக்கும் கிடைத்ததா என்றால், இல்லை. முதல் உலகப் போரில் இறந்த இந்தியர்களையும் ஆப்பிரிக்கர்களையும் சமமாக நினைவுகூரவில்லை என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல் மன்னிப்புக் கேட்டது. நூறு வருடம் கழித்தாவது கேட்டார்களே.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. ஏறத்தாழ 40 உயிர்கள். முதல் வெடிச்சத்தம் கேட்டு, உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற ஓடிய அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் அடுத்த வெடிப்பில் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சங்குளம். 20-க்கும் மேற்பட்டோர். தேதி நினைவிருக்கிறது, எண்ணிக்கை நினைவிருக்கிறது. அந்தக் குடும்பங்களுக்கு வெளியே எத்தனை பேருக்கு ஒரு பெயராவது நினைவிருக்கும்? மறுநாள் செய்தித்தாளில் பட்டியல் வரும். அடுத்த விபத்து வந்ததும் பழையது வெறும் எண்ணாகிவிடும். ஆநிரை மீட்டு மாண்டவனுக்கே நடுகல் வைத்த மண் இது. அடுத்த வீட்டுக்காரரை மீட்க நெருப்புக்குள் ஓடியவருக்கு வைக்கக் கூடாதா?

இந்தக் கோரிக்கையை விருதுநகர் மாவட்ட நிர்வாகத்தின் முன்னும், பட்டாசு உற்பத்தியாளர்களின் முன்னும் வைக்கிறேன். விபத்து நடந்த ஒவ்வோர் ஊரிலும் ஒரு கல். அதில் பெயர், ஊர், வயது, செய்த வேலை: மருந்து கலந்தவர், திரி வெட்டியவர், சரம் பின்னியவர், காப்பாற்றப் போனவர். போர்மேனுக்கும் தினக்கூலிக்கும் ஒரே அளவு எழுத்து. யாரையும் தேடி அலைய வேண்டியதில்லை. நிவாரணத் தொகை வழங்கத் தயாரித்த பட்டியலில் இந்தப் பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன.