சத்தத்துக்குள் ஒரு பியானோ

"இது பாட்டா, சத்தமா?" கடுமையான கிற்றார் இசையை விரும்பும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. தர்மபுரத்தில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். 2009 ஜனவரியில் எமது ஊரைப் போர் கடந்து சென்றது. பலத்த ஓசை கேட்டால் இன்றும் திடுக்கிடும் பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் வளரும் எமக்கு உரத்த இசை ஏன் பிடிக்கிறது? இசை கேட்பது பற்றி எமது சமூகத்தில் வேறுபட்ட கருத்துகள் உண்டு. அதற்குத் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. கேட்கும் பிள்ளைகளுக்கு அதில் என்ன கிடைக்கிறது என்பதை மட்டும் விளக்க முயல்கிறேன்.

உதாரணமாக ஓர் இசைத்தொகுப்பை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த 'லிங்கின் பார்க்' என்ற குழு 2000 ஒக்டோபர் 24ஆம் திகதி 'ஹைப்ரிட் தியரி' என்ற தொகுப்பை வெளியிட்டது. 'கலப்புக் கோட்பாடு' என்பது அதன் பொருள். 12 பாடல்கள், மொத்தம் 40 நிமிடங்கள்கூட இல்லை. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனையானது. உரத்த கிற்றார், வேகமாகப் பேசிச் செல்லும் ராப், கணினி ஒலிகள் ஆகியவற்றோடு பியானோவும் இதில் கலந்திருக்கிறது. இத்தனை கோபமான இசையில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

இதில் 'இன் தி எண்ட்' என்ற பாடல் பியானோவில் தொடங்குகிறது. சில சுரங்கள் மாத்திரம் திரும்பத் திரும்ப வருகின்றன. சிறுவயதிலேயே பியானோ பயின்ற மைக் ஷினோடா அந்தச் சுரங்களின் மேல் ராப் பாடுகிறார். பல்லவியில் செஸ்டர் பெனிங்டனின் குரலும் கிற்றார்களும் ஒன்றாக எழுகின்றன. கடைசியில் எல்லாம் அடங்க, மீண்டும் பியானோ கேட்கிறது.

இந்த இரண்டு வாத்தியங்களும் ஏன் இவ்வளவு பொருந்துகின்றன? பௌதிகவியல் படிப்பவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். பியானோவில் சிறு சுத்தியல் ஒன்று கம்பியை அடிக்கிறது. அடித்த கணத்தில் ஓசை உச்சத்தில் இருக்கும். பின்னர் மெல்லத் தேய்ந்து மறையும். கடும் கிற்றாரில் நடப்பது வேறு. கம்பியின் அதிர்வு மின்சைகையாக மாறி, ஒலியைப் பெருக்கும் கருவிக்குள் அதன் கொள்ளளவுக்கு மேல் செலுத்தப்படுகிறது. அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுப் புதிய மேற்றொனிகள் பிறக்கின்றன. அதனால் ஓசை தடித்து, நீண்ட நேரம் ஒரே அளவில் நிற்கிறது. ஒன்று தேயும் ஒலி. மற்றது தேய மறுக்கும் ஒலி. பியானோ தனியே கேட்கும்போது ஒருவர் மெதுவாகப் பேசுவது போலிருக்கும். கிற்றார் வந்ததும், அவர் இவ்வளவு நேரமும் அடக்கிவைத்திருந்தது வெளிவருகிறது. பியானோவை முன்னரே கேட்டிருப்பதால், அந்த உரத்த ஓசை யாரையும் தாக்க வந்ததல்ல, ஒரு மனிதரின் வேதனை என்று எமக்கு விளங்குகிறது.

போரின் சத்தத்தை எமது பெரியவர்கள் தெரிவு செய்யவில்லை. எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்றும் அவர்களுக்குத் தெரியாது. இந்தப் பாடலின் சத்தம் எப்போது வரும், எப்போது அடங்கும் என்பது கேட்பவருக்குத் தெரியும். வேண்டாமென்றால் நிறுத்தலாம். எமது வயதில் பரீட்சைப் பயம், தனிமை, சொல்ல முடியாத கோபம் எல்லாம் உண்டு. அவற்றுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் கொடுப்பதே இந்த இசையின் கவர்ச்சி. இயர்போனில் கேட்பதும் அதனால்தான். எமக்கு ஆறுதலாக இருப்பது பக்கத்து அறையில் இருப்பவருக்கு நடுக்கமாக இருக்கக்கூடாது.

இன்னொரு செய்தியும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையையும் அள்ளிச் சென்றது. அந்த அழிவைக் கண்டு, 2005இல் 'மியூசிக் ஃபார் ரிலீஃப்' என்ற நிவாரண அமைப்பைத் தொடங்கியவர்கள் இதே குழுவினர்தான்.

ஆனாலும் இசைக்கு ஓர் எல்லை இருக்கிறது. சிறுவயதில் தனக்கு நேர்ந்த கொடுமைகளை வெளிப்படையாகச் சொன்னவர் செஸ்டர். கோடிக்கணக்கானோருக்கு ஆறுதல் தந்த அவர், 2017 ஜூலை 20இல் தனது 41ஆவது வயதில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். பாட்டு எம் வேதனைக்குக் குரல் கொடுக்கும், எம்மிடம் "என்ன நடந்தது?" என்று கேட்காது. அதைக் கேட்க மனிதர்கள் வேண்டும். தோழியரே, மனம் தாங்காதபோது உம்மாவிடமோ ஆசிரியரிடமோ வாய் திறந்து சொல்லுங்கள். பெற்றோரே, பிள்ளை இப்படியொரு பாட்டைக் கேட்டால் "சத்தத்தைக் குறை" என்று சொல்லுங்கள், தவறில்லை. அதோடு, "இதில் உனக்குப் பிடித்த இடம் எது?" என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.