ஒட்டாவா மதகுத் தொட்டிகள்
ரிடோ கால்வாய், கனடா | 1826–1832

உங்கள் முன் படிக்கட்டாக இறங்கும் 8 கல்தொட்டிகள், ஒட்டாவா ஆற்றிலிருந்து வரும் படகை ஏறத்தாழ 24 மீட்டர் உயர்த்திக் கால்வாயில் சேர்க்கின்றன. தொட்டியில் நீர் நிரம்பினால் படகு உயரும்; வடிந்தால் தாழும்.

அமெரிக்காவுடன் மீண்டும் போர் மூண்டால் படைகளும் சரக்கும் பாதுகாப்பாகச் செல்ல, லெப்டினன்ட் கர்னல் ஜான் பை தலைமையில் பிரிட்டிஷ் இராணுவம் கிங்ஸ்டன் வரை 202 கி.மீ. நீளத்துக்கு இந்த நீர்வழியை அமைத்தது. மலேரியாவும் விபத்துகளும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்களைப் பலிகொண்டன. அவர்களில் பலர் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள்.

1972 முதல் இந்தக் கால்வாயைப் பராமரிப்பது கனடா அரசின் ‘பார்க்ஸ் கனடா’ அமைப்பு. சங்கிலி சுற்றிய இரும்புச் சுழலிகளை ஊழியர்கள் இன்றும் கையால் சுற்றியே இங்குள்ள கதவுகளைத் திறக்கிறார்கள். மரக்கதவுகள் நீரில் இற்றுப்போகும். உறைபனி கல்லிணைப்புகளைப் பிளக்கும். ஆகவே பழுதுபார்ப்பு ஓயாத வேலை. படகுகள் ஓடாத குளிர்மாதங்களில்தான் பெரிய பணிகள் நடக்கின்றன. அந்த உழைப்பால்தான் 1832-இல் திறந்த கால்வாயில் இன்றும் படகு போகிறது.

2007-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கதவுகள் இயங்கும்போது தொட்டியின் விளிம்பிலிருந்து விலகி நின்று பாருங்கள்.