வேனில் போய் டகோட்டா பார்க்க

நம் ஊரில் ‘கேரவன்’ என்றால் ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான். மேல்நாடுகளில் அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, பழைய போர் விமானங்கள் பறக்கும் திடலுக்குப் பக்கத்திலேயே இரண்டு நாள் தங்கிவிடுகிறார்கள். திருநெல்வேலிக்காரர்களுக்கு டெம்போ டிராவலரும் ஒரு தூக்குவாளி புளியோதரையும் போதும். விமானத்துக்குத்தான் கொஞ்சம் தூரம் போக வேண்டும்.

முதல் நிறுத்தம் முப்பது கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கிறது. கயத்தாறு என்றதும் 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதுதான் நினைவுக்கு வரும். காற்றாலைகள் சுற்றும் அதே கரிசல் பூமியில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமும் உண்டு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. வங்காள விரிகுடாக் கரை முழுவதும் போர்முனையாகிவிட, தமிழகத்தில் அங்கங்கே ஓடுதளங்கள் முளைத்தன. சென்னை போகும் வழியில் உளுந்தூர்பேட்டையிலும் ஒன்று இருக்கிறது. சென்னையைத் தாண்டி சோழவரத்தில் இருந்ததில் பின்னாளில் கார் பந்தயம் நடந்தது.

இந்த ஓடுதளங்களில் இன்று விமானம் இல்லை. பறக்கும் நிலையில் பழைய விமானங்களை வைத்திருப்பது நம் விமானப்படை. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த சாகச நிகழ்ச்சியில் டகோட்டா, ஹார்வர்ட் என்ற பழைய விமானங்கள் பறந்தன. அந்த டகோட்டாவுக்குப் பெயர் பரசுராமா. 2018-இல் இங்கிலாந்திலிருந்து பறந்தே வந்து சேர்ந்தது. அதன் மேல் எழுதியிருக்கும் விபி 905 என்ற எண், 1947 அக்டோபர் 27-இல் ஸ்ரீநகரில் படைவீரர்களை இறக்கிய டகோட்டாக்களை நினைவூட்டுவது.

வேகமாக வரும் ஜெட் விமானத்தின் சத்தம் அது தலைக்கு மேல் வந்த பிறகுதான் பெரிதாகக் கேட்கும். டகோட்டா அப்படியல்ல, தூரத்திலேயே உறுமிக்கொண்டு நிதானமாக வரும். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்கள். ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர்கள், பூவிதழ் மாதிரி வட்டமாக இரண்டு அடுக்கில் நிற்கும். விமானம் நிற்கும்போது எண்ணெய் கசிந்து அடிப்பக்கத்துச் சிலிண்டர்களில் தேங்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் உடைந்துபோகலாம். அதனால் பணியாளர்கள் முதலில் விசிறியைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்ப்பார்கள். பிறகு ஸ்டார்ட் ஆகும்போது மிச்ச எண்ணெய் எரிந்து குபீரென்று புகை கிளம்பும். தீப்பிடித்துவிட்டதோ என்று பதற வேண்டாம். எனக்கு வானத்துச் சாகசத்தைவிட இந்தப் புகைதான் பிடிக்கும். ஆனால் கடற்கரையில் இது கிடைக்காது. விமான தளத்திலேயே நடக்கும் கண்காட்சியில்தான் பார்க்கலாம்.

மெரினாவில் அன்று வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் இறந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நிகழ்ச்சி காலை 11 மணியிலிருந்து 1 மணி வரை. நிழல் இல்லாத மணல். முடிந்ததும் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். அத்தகைய நாளில் வேனைக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. புறநகரில் நிறுத்திவிட்டு, விடியற்காலையிலேயே ரயிலில் போய்விடுவது மேல்.

அக்டோபர் 8 விமானப்படை தினம். அதை ஒட்டிய கொண்டாட்டம் ஆண்டுக்கு ஆண்டு ஊர் மாறுகிறது: 2022-இல் சண்டிகர், 2023-இல் பிரயாக்ராஜ், 2024-இல் சென்னை. அடுத்த கொண்டாட்டம் வரை காத்திருக்க முடியாதவர்கள் கயத்தாறு வழியாகப் போகும் அதே 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் பெங்களூரு வரை போகலாம். அங்கே எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில், 1961-இல் முதன்முதலாகப் பறந்த நம் நாட்டு மாருத் போர் விமானத்தைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம்.

மறுபடி நம் பக்கம் சாகச நிகழ்ச்சி அறிவித்தால், முந்தைய நாட்களில் நடக்கும் ஒத்திகைக்குப் போங்கள். பறப்பவை அதே விமானங்கள்தான், கூட்டம் மட்டும் குறைவு. ஆளுக்கு ஒரு குடை, இரண்டு பாட்டில் தண்ணீர் மறக்க வேண்டாம்.